விடியற்கால மழைக்குப் பிறகு வரும் கோளாறு

கூரைச் சூரியப் பேனல்களின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் முதன்முதலாகச் சிவப்பு விளக்கு எரிந்தபோது காலை மணி ஏழே முக்கால். அப்பாவுக்குப் பசியாறக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திரையில் ஓர் எண்ணும், இன்சுலேஷன் (மின்காப்பு) குறைவு என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தன. பொருத்திக் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். "அடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். போட்டேன், சரியாகவில்லை. பத்தரை மணிக்கு மனைவி கூப்பிட்டு, பச்சை விளக்கு வந்துவிட்டது என்றாள். வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த ஐந்து மாதம் இதே கதைதான். சில நாள் காலையில் வரும், பத்து பத்தரைக்குள் போய்விடும். நடுவில் இரண்டு வாரம் எதுவுமே இருக்காது. சரி, தீர்ந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் வந்து நிற்கும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், கடலுக்கு அதிகத் தூரமில்லாத ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வரிசை வீடு. கூரையில் 10 பேனல், கார் நிறுத்துமிடத்துச் சுவரில் ஒற்றை ஃபேஸ் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி, வெளிக் கரண்டு மூன்றையும் கையாள்வது), அதன் கீழே 5.12 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி. மின்கட்டணத்தைக் குறைக்க மட்டும் என்றால் பேட்டரி வாங்கியிருக்க மாட்டேன். அப்பா பக்கவாதத்தில் படுத்தபடி இருக்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க அவருக்குக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். அதன் சிறிய பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடி மின்னலோடு கரண்டு போகும் இரவுகளில் அந்த மெத்தை மெல்ல அமுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அதனால் அந்தச் சிவப்பு விளக்கை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்குப் பிடிபட நாளானது ஒன்று உண்டு. திரையில் வரும் எண் நோயின் பெயரே அல்ல. இன்வெர்ட்டர் எதையோ அளந்து பார்த்திருக்கிறது, அந்த அளவு ஒரு வரம்பைத் தாண்டியிருக்கிறது. அந்த எண் சொல்வது அவ்வளவுதான். ஏன் தாண்டியது என்பதை நாம்தான் தேட வேண்டும். தேடுவதற்கு எண்ணோடு நேரமும் வானிலையும், அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதும் வேண்டும். எண்ணை அழித்து மறுபடி இயக்கிவிட்டால் இது எதுவும் மிஞ்சாது.

இந்த இன்சுலேஷன் கோளாறையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கூரை இன்வெர்ட்டர்கள் தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்கின்றன. பேனலிலிருந்து வரும் இரண்டு வயர்களுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு தடை இருக்கிறது என்று அளக்கின்றன. தடை குறைந்திருந்தால், எங்கோ கரண்டு கசிகிறது என்று பொருள். அப்போது இணைய மறுத்து நின்றுவிடும். நின்றதுதான் நமக்கு நல்லது. இல்லாவிட்டால் கசியும் கரண்டு பேனல் சட்டத்திலும் அதைத் தாங்கும் அலுமினியத்திலும் போய் நிற்கலாம். இது தெரிந்த பிறகு எனக்கு இன்வெர்ட்டர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

பிள்ளையின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து இன்வெர்ட்டர் பக்கத்தில் தொங்கவிட்டேன். தேதி, எண், வந்த நேரம், போன நேரம், முந்தின இரவு மழையா இல்லையா. மனைவியும் எழுதினாள். ஆறு வாரத்தில் ஒன்பது முறை கோளாறு வந்திருந்தது. ஒன்பது நாளிலும் விடியும் முன் மழை பெய்திருந்தது. முந்தின நாள் மதியம் கொட்டிய மழைக்கு மறுநாள் காலையில் ஒன்றும் ஆகவில்லை. மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த விடியற்கால மழை தெரிந்ததுதான். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் இரவில் சுமத்ரா பக்கமிருந்தும் மலாக்கா நீரிணையிலும் திரண்டு, விடியும் முன் பலத்த காற்றோடு கரைக்கு வரும். அது விட்ட கையோடு வெளிச்சம் வந்துவிடும். கூரையில் ஈரம் காயும் முன்பே இன்வெர்ட்டர் தன் சோதனையைத் தொடங்கிவிடுகிறது.

கம்பெனியிலிருந்து ஆள் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் மதியம் இரண்டு மணிக்கு மேல். வெயிலில் எல்லாம் காய்ந்த பிறகு இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தானே இருக்கும். மூன்றாவது தடவை, இன்வெர்ட்டரின் போர்டு பழுது, கழற்றி அனுப்ப வேண்டும், வர நான்கு வாரமாகும் என்றார். அந்த நான்கு வாரம் அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கவலையில்தான் வேறு ஆளைத் தேடினேன்.

பக்கத்து ஊரான பிறையில் ஓர் அண்ணன் இருக்கிறார். தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை பார்த்தவர், எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ் உள்ளவர். வந்ததும் மூடியைத் திறக்கப் போவார் என்று நினைத்தேன். நோட்டைக் கேட்டு வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார். "தம்பி, இது இப்ப பார்க்கிற வேலை இல்ல. மழை பெஞ்ச அன்னிக்குக் காலைல ஏழு மணிக்குக் கூப்பிடுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பணம் வாங்கவில்லை. எட்டு நாள் காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் ஐந்து மணிக்குக் கூரை தடதடத்தது. மழைச் சத்தம் கேட்டு நான் அப்படி மகிழ்ந்தது அன்றுதான்.

அவர் செய்ததை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்து வைத்திருந்தால் வருகிறவர் சரியாகத் தேடுகிறாரா என்று நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். முதலில் ஏசி பிரேக்கரை அடைத்தார். பிறகு பேனல் பக்கத்து டிசி ஐசொலேட்டரை (பேனல் வயரைத் துண்டிக்கும் சுவிட்சை), அதன் பிறகு பேட்டரி பிரேக்கரை. பத்து நிமிடம் சும்மா நின்றார். உள்ளே கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்க நேரம் வேண்டும். ஐந்து நிமிடமாவது பொறுக்கச் சொல்லிப் பயனர் கையேடுகளிலேயே இருக்கிறது. அதற்கப்புறம், அதற்கேற்ற கையுறை மாட்டிக்கொண்டு, ஐசொலேட்டரில் பேனல் பக்கத்து முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். ஒரு விஷயம்: ஐசொலேட்டரை அடைத்தாலும், வெளிச்சம் இருக்கும்வரை பேனலிலிருந்து ஐசொலேட்டர் வரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில் 350 வோல்ட். பத்துப் பேனல், ஆளுக்கு 35. பிறகு பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார், 140 காட்டி நின்றது. மைனஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 210. இரண்டையும் கூட்டினால் அதே 350.

கசிவு எதுவும் இல்லாவிட்டால் எர்த்தோடு வைத்துப் பார்க்கும்போது எண் நிலைக்காது, சிறிது நேரத்தில் இறங்கி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும். நிலையாக நின்றால் வரிசையில் ஓரிடம் எர்த்தைத் தொடுகிறது. டார்ச் லைட்டில் பேட்டரிகளை வரிசையாக அடுக்குவது போலத்தான் பேனல்களும். பிளஸ் முனையிலிருந்து கசியும் இடம் வரை எத்தனை பேனல் இருக்கிறதோ அத்தனை பேனலின் வோல்ட்தான் மீட்டரில் தெரியும். 140-ஐ 35-ஆல் வகுத்தால் 4. "நாலாவது பேனலுக்கும் அஞ்சாவது பேனலுக்கும் நடுவுல" என்றார், கூரையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல். எங்கள் கூரையில் மேல் வரிசையில் நான்கு, கீழ் வரிசையில் ஆறு. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும் இடத்தில்தான் பேனலின் சொந்த வயர் எட்டாமல், பொருத்தியவர்கள் நீட்டு வயர் போட்டிருந்தார்கள்.

ஈரக் கூரையில் அவர் ஏறவில்லை. எல்லாம் காய்ந்த பிறகு சாயங்காலம் ஆள் துணையோடும் இடுப்புக் கயிற்றோடும் ஏறினார். எம்சி4 கனெக்டர் (பேனல் வயர்களை இணைக்கும் பிளக்) ஒன்று அலுமினிய ரெயிலின் பள்ளத்தில் படுத்திருந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளம். கழற்றிக் கொண்டு வந்து காட்டினார். ஒரு பாதி பேனலோடு வந்தது, மறுபாதி நீட்டு வயரில் போட்ட வேறு தயாரிப்பு. இரண்டையும் எம்சி4 என்றுதான் விற்கிறார்கள், இரண்டும் டிக்கென்று பூட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே உள்ள ரப்பர் வளையமும் உலோக முனையும் ஒன்றுக்கொன்று சரியாக உட்காராது. உட்புறம் பச்சை பூத்துப் போயிருந்தது. கடற்காற்றின் உப்பு வேறு. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் அந்த இடம் சூடேறி உருகியிருக்கும் என்றார். கூரைத் தீ இப்படியும் தொடங்கும்.

இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்புக் கனெக்டர், அதற்கான கருவியால் நெரித்து மாட்டினார். வயரை ரெயிலில் படாமல் சட்டத்தோடு எவர்சில்வர் கிளிப்பால் தூக்கிக் கட்டினார். கனெக்டருக்கு இரண்டு பக்கமும் வயர் சற்றுக் கீழே வளைந்து தொங்கும்படி விட்டார், தண்ணீர் வழிந்து அங்கேயே சொட்டிவிடட்டும் என்று. அடுத்த மழைக்காலையிலும் வந்து 500 வோல்ட்டில் மெக்கர் வைத்துப் பார்த்தார். இந்த அளவு அமைப்புக்கு 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது கணக்கு, எங்களுடையது அதற்கு எவ்வளவோ மேலே இருந்தது. மொத்தச் செலவு 180 வெள்ளி (ரிங்கிட்). இன்வெர்ட்டர் போர்டில் எந்தப் பழுதும் இல்லை. நோட்டில் அதற்குப் பிறகு அந்த எண் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கனெக்டரைக் கழற்றக் கூடாது. கரண்டு ஓடும்போது டிசி கனெக்டரைப் பிரித்தால் பொறி பிடித்துக்கொள்ளும். ஏசி போல நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுப் போகும் மின்சாரம் அல்ல அது, பிடித்த பொறி எளிதில் அணையாது. நான் எனக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். எண்ணை எழுதுவது, படம் எடுப்பது, முறைப்படி அடைப்பது, திறப்பது, உற்றுக் கேட்பது, முகர்ந்து பார்ப்பது இவை என் வேலை. மூடியும் கூரையும் வயர்மேனுடையவை.

இரண்டாவது தொல்லை நேர் எதிரான நேரத்தில் வந்தது. நல்ல வெயில், பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, கிரிட் (வெளியிலிருந்து வரும் மின்கம்பி) வோல்ட் அதிகம் என்று சொல்லி நிற்கும், சில நிமிடத்தில் தானாகத் தொடங்கும், மறுபடி நிற்கும். மலேசியாவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், மேலே 10 விழுக்காடு கீழே 6 விழுக்காடு வரை போகலாம். அதாவது உச்சம் 253. இன்வெர்ட்டர் 254 என்று காட்டிக்கொண்டிருந்தது. தெருவில் பல கூரைகளில் பேனல் வந்துவிட்டது, எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளினால் வோல்ட் ஏறத்தான் செய்யும், நாம் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன்.

அண்ணன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மீட்டர் வைத்தார். இன்வெர்ட்டரில் 254, சமையலறைப் பக்கம் இருக்கும் டிபி பாக்ஸில் (வீட்டின் பிரேக்கர் பெட்டியில்) 250. நடுவில் 4 வோல்ட் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து டிபி வரை 25 மீட்டர், போட்டிருந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர். போக வர இரண்டு வயரும் சேர்த்து 0.23 ஓம் வரும். 4 கிலோவாட் வெளியே போகும்போது ஏறக்குறைய 16 ஆம்பியர். பெருக்கினால் கிட்டத்தட்ட 3.7 வோல்ட். மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் தன் முனையில் அவ்வளவு கூடுதலாக ஏற்றித்தான் ஆக வேண்டும். 10 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாற்றியதும் அது ஒன்றரை வோல்ட்டாகக் குறைந்தது.

இன்னொன்றும் செய்தோம், அதற்குக் காசு செலவாகவில்லை. எங்கள் பேட்டரி காலை பத்தரைக்கே நிரம்பிவிடும். அதனால் நடுப்பகலில் பேனல் தருவது முழுவதும் வெளியே போயிற்று. சார்ஜ் ஆகும் ஆம்பியரைக் குறைத்து, இரண்டு மணிவரை மெதுவாக நிரம்பும்படி வைத்தோம். துணி துவைப்பதையும் மதியத்துக்கு மாற்றினோம். நெம் 3.0 (வெளியே அனுப்பும் சூரிய மின்சாரத்தைக் கட்டணத்தில் கழிக்கும் திட்டம்) வீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வெளியே போகும் ஒரு யூனிட் நாம் வாங்கும் ஒரு யூனிட்டுக்கு ஈடாகக் கழியும், ஆனால் இன்வெர்ட்டர் நின்றுபோன நேரத்தில் வெயில் வீணாகும். எனவே வெளியே தள்ளுவதைச் சற்றுக் குறைத்து, நிற்காமல் ஓட விடுவதே லாபம்.

இதற்கிடையில் ஒருவர், எந்த நாட்டு விதி என்று இன்வெர்ட்டரில் இருக்கும் அமைப்பை மாற்றி வோல்ட் வரம்பை 270-க்கு ஏற்றிவிடலாம், இரண்டு நிமிட வேலை என்றார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரம்புதான் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜையும், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜையும், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரையும் காப்பாற்றுகிறது. மாற்றினால் எண் வராது, வோல்ட் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவதில் முதலில் தவறு செய்தது நாங்களே. முழு வீட்டையும் பேக்கப் பக்கத்தில் (கரண்டு போனால் பேட்டரி தாங்கும் பக்கத்தில்) இணைக்கும்படி நான்தான் கேட்டிருந்தேன். ஓர் இரவு கரண்டு போன நேரத்தில் தங்கை வெந்நீர்க் குளியல் ஹீட்டரைப் போட்டாள், மனைவி கெட்டிலைத் தட்டினாள். ஹீட்டர் 3.6 கிலோவாட், கெட்டில் 2 கிலோவாட், ஃபிரிட்ஜ் வேறு. ஓவர்லோடு என்று சொல்லி எல்லாம் இருண்டது, அப்பாவின் பம்பும் நின்றது. மறுவாரமே தனியாக ஒரு சிறிய டிபி வைத்து, அதில் அப்பாவின் அறை, ஃபிரிட்ஜ், விளக்குகள், மின்விசிறிகள், வைஃபை மட்டும் போட்டோம். பிரித்த அன்று ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே உடனே விழுந்தது. ஹால் விளக்கின் லைவ் வயரைப் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டு நியூட்ரலைப் பழைய பெட்டியிலேயே விட்டிருந்தார்கள். போன கரண்டு வேறு வழியில் திரும்பினால் ஆர்சிசிபி அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். பேக்கப் டிபி பிரிப்பவர்கள், ஒவ்வொரு லைவ்வோடும் அதன் நியூட்ரலும் வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள்.

பேட்டரியோடு தொடர்பு இல்லை என்ற எண் தீபாவளிக்குச் சுவருக்குச் சாயம் அடித்தபோது வந்தது. கழற்றிய தொடர்புக் கேபிளைத் திரும்ப மாட்டியவர் கேன் (CAN) துளைக்குப் பதிலாக ஆர்எஸ்485 துளையில் மாட்டிவிட்டார். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். இப்போது இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் கிடக்கும் இணையக் கேபிளை எடுத்து மாட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே வயர் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இன்சுலேஷன் குறைவு ஹுவாவேயில் 2062, டெயேயில் எஃப்24. கிரிட் வோல்ட் அதிகம் ஹுவாவேயில் 2033. பேட்டரித் தொடர்பு டெயேயில் எஃப்58, சூடு ஏறினால் எஃப்64. அதனால் தாமான் வாட்சப் குழுவில் எண்ணை மட்டும் போட்டுக் கேட்பதால் பயனில்லை. தயாரிப்பு, மாடல், எண், நேரம், வானிலை, அப்போது எது ஓடியது, இத்தனையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் கையேட்டின் எண் பட்டியல் பக்கத்தைப் படியெடுத்து இன்வெர்ட்டர் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். ராத்திரி கரண்டு போனபின் வைஃபையும் போய்விட்டால் போனில் தேட முடியாது.

கடைசியாக, கிரிட் இல்லை என்ற எண். டெயேயில் எஃப்35, ஹுவாவேயில் 2032. இது வந்தால் பலர் பதறுகிறார்கள். வெளியே வந்து தெரு விளக்கைப் பாருங்கள், எதிர்வீட்டைப் பாருங்கள். எல்லாம் இருட்டாக இருந்தால் அது கோளாறே அல்ல, வெளிக் கரண்டு போய்விட்டது என்று இன்வெர்ட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். தெருவில் வெளிச்சம் இருந்து உங்கள் வீட்டில் மட்டும் அந்த எண் என்றால், டிபியில் இன்வெர்ட்டருக்குரிய பிரேக்கரும் மெயின் ஆர்சிசிபியும் விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை தூக்கி விடுங்கள். மறுபடி விழுந்தால் கையை எடுத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். போன மாதம் இடி மழையில் இரவு இரண்டு மணிக்கு எங்களுக்கு அந்த எண் வந்தது. வெளியே தெரு முழுக்க இருட்டு. நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு அப்பாவின் அறைக்குப் போனேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.